மூன்று பேர் போட்ட அடுப்பு

குன்னூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அங்கே நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். புதிதாக நிரப்பிய ஜின் புட்டிகளின் படத்தைச் சித்தி மகன் கைபேசியில் காட்டினான். லேபிளில், ஜின்னுக்கு வாசனை கொடுக்கும் ஜூனிப்பர் காயின் நீலம் இந்த முறை நன்றாக வந்திருக்கிறது. சென்ற முறை அது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது என்று நான் சொன்னபோது நீ ஒப்புக்கொள்ளவில்லை. புட்டியின் கழுத்தில் கட்டும் சீட்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் நீங்கள் மூன்று பேரும் கையெழுத்திடும் அந்தச் சீட்டில் இப்போது இரண்டு கையெழுத்துகள்தான் இருக்கின்றன. கோத்தகிரிப் பிள்ளை அன்றைக்கு வெளியூர் போயிருப்பான் என்று அப்பா சொன்னார். அப்படித்தான் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு நீ பேசியதில் அவன் பெயர் ஒருமுறைகூட வராததும் தற்செயலாக இருக்கலாம்.

நீ செய்யும் தொழிலைப் பற்றி எனக்கு மனக்குறை இருப்பதாக நினைத்துக்கொண்டு எதையும் மறைக்க வேண்டாம். ஆரம்பத்தில் இருந்தது, உன் பெரியப்பாவின் கடைசி இரண்டு வருடங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி வந்தபோது, கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே உன் பெரியம்மா, "உன் மகளும் இதைத்தானே காய்ச்சுகிறாள்?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபம் எனக்கே புதிதாக இருந்தது. இருபது பேர் கேட்க நான் பாடமே எடுத்துவிட்டேன். அங்கே ஆட்களைக் கொன்றது யாரோ தொழிற்சாலை மெத்தனாலை வாங்கிக் கலந்த பாவம். என் மகளும் அவளுடைய நண்பர்களும் தானியத்திலிருந்து எடுத்த 96 சதவீத எரிசாராயத்தை உரிமம் உள்ள ஆலையிலிருந்து முறைப்படி வாங்கி, தண்ணீர் சேர்த்து இறக்கி, அதில் ஜூனிப்பர் காயையும் கொத்தமல்லி விதையையும் ஊறவைத்து, செப்புக் கலனில் மறுபடி வடிக்கிறார்கள். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுக்கிறார்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் கலால் துறையிடம் கணக்கு உண்டு என்றேன். பெரியம்மா அதற்குப் பிறகு பாயசம் பற்றிப் பேசினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொல்கிறேன், ருசி பார்ப்பதைத் துப்பிவிடு. வேலை என்று ஒரு வாய், வந்தவர்களுக்குக் காட்ட ஒரு வாய் என்று அது நாளெல்லாம் சேர்ந்துவிடும். இதை முன்பும் சொன்னேன், இனியும் சொல்வேன்.

நீங்கள் இதைத் தொடங்கியது எங்கே என்று யாராவது கேட்டால் கோவா என்று சொல்கிறீர்கள் போலிருக்கிறது. என்னைக் கேட்டால் கேத்திச் சரிவில் இருந்த தாத்தாவின் தைல அடுப்பு என்பேன். கல்லூரி விடுமுறைக்கு நீ அந்த இரண்டு பேரையும் அழைத்து வந்தபோது அடுப்பை நிறுத்த அப்பா முடிவு செய்திருந்தார். கடைசியாக ஒருமுறை காய்ச்சியது உங்களுக்காகத்தான். யூகலிப்டஸ் இலையைக் கொப்பரையில் அமுக்கி நிரப்பி, மூடியின் விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசி அடைத்து, ஓடைத் தண்ணீரில் கிடக்கும் செப்புக் குழாயின் முனையில் முதல் சொட்டு விழும்வரை மூன்று பேரும் எழுந்திருக்கவே இல்லை. அந்தச் சொட்டை அப்பா எப்போதும் செய்வதுபோல் புறங்கையில் தேய்த்து, சற்று நேரம் விட்டு முகர்ந்து பார்த்து, "இது பச்சை வாசனை, இன்னும் வரவில்லை" என்றார். கோத்தகிரிப் பிள்ளை உடனே தன் புறங்கையை நீட்டினான். பனாஜிப் பெண் அப்போதுதான் தன் தாத்தாவின் முந்திரிப்பழ அடுப்பைப் பற்றிச் சொன்னாள். முதலில் வடிப்பது உர்ராக், அதை மறுபடி வடித்தால் ஃபெனி, வாசனை வேறு, முறை இதேதான் என்றாள். அன்று இரவு மூன்று பேரும் சாப்பிடவில்லை, பேசிக்கொண்டே இருந்தீர்கள். இட்லிப் பானையை மூன்று முறை சூடாக்கியவள் நான்.

அந்த மூன்று பேரில் யார் எதைக் கொண்டுவந்தீர்கள் என்பதை நான் இங்கே உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். கோவாவில் பெரிய ஆலை இல்லாமலும் உரிமம் வாங்க வழி இருக்கிறது என்று கண்டுபிடித்து, பாட்டி வீட்டுக் கொட்டகையைக் கொடுத்தவள் பனாஜிப் பெண். ஓவேலி நிலப் பத்திரத்தை வங்கியில் வைக்க அப்பாவைச் சம்மதிக்கவைத்தவள் நீ; என்னிடம் சொல்லாமல் செய்தீர்கள், அது இருக்கட்டும். பணமாகப் பார்த்தால் அவன் கொண்டுவந்தது குறைவுதான். ஆனால் நான் அங்கே வந்து தங்கியிருந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வடித்தது கண்ணாடிபோல் இருந்தது, 42.8 சதவீதத்துக்குக் கொண்டுவரத் தண்ணீர் சேர்த்ததும் பால் கலந்தாற்போல் வெளுத்துவிட்டது. நீ சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாய். பனாஜிப் பெண் தண்ணீரைக் குறை சொன்னாள், வேறு இடத்திலிருந்து டாங்கர் வரவழைக்கலாம் என்றாள். அவன் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து, அந்த முறை எத்தனை கிராம் எலுமிச்சைத் தோல் போட்டீர்கள் என்று பார்த்தான். சாராயச் சத்து அதிகம் இருக்கும்வரை கரைந்து நிற்கும் எண்ணெய், தண்ணீர் ஏறியதும் கரைய இடமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது என்பதை நான் பள்ளியில் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அங்கே எனக்கு உடனே தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது. தோலைக் குறைத்தான், நடுப்பகுதியை வெட்டும் நேரத்தைச் சற்று முன்னால் நகர்த்தினான். அடுத்த முறை தண்ணீர் சேர்த்தபோது தெளிவாக நின்றது. இன்று பரிசு வாங்கும் உங்கள் ஜின்னில் பாதி அவன் மூக்கு. இதை நான் சொல்வது யாரையும் குறைத்துச் சொல்ல அல்ல.

உன் தொழில் சம்பந்தமாகக் கிடைப்பதையெல்லாம் நான் படிக்கிறேன். லண்டனில் சிப்ஸ்மித் என்ற ஜின்னைத் தொடங்கியவர்களின் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீதான் முதலில் சொன்னாய். ஆனாலும் நீ அதில் பார்த்தது வேறு, நான் பார்ப்பது வேறு. சாம் கால்ஸ்வர்தியும் ஃபேர்ஃபாக்ஸ் ஹாலும் சிறு வயதிலிருந்து நண்பர்கள். ஒருவர் ஃபுல்லர்ஸ் பியர் ஆலையிலும் மற்றவர் டியாஜியோ என்ற பெரிய மது நிறுவனத்திலும் வேலை பார்த்தவர்கள். அமெரிக்காவில் சின்னச் சின்ன வடிசாலைகள் முளைப்பதைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டார்கள், குடியிருந்த வீடுகளை விற்றார்கள், ஜெர்மனியில் கார்ல் பட்டறையில் 300 லிட்டர் செப்புக் கலனுக்குச் சொல்லி வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் புரூடன்ஸ். 1,800 லிட்டருக்குக் குறைந்த கலனுக்கு உரிமம் கிடையாது, அது கள்ளச்சாராயம் காய்ச்சும் அளவு என்று அங்கே வரித்துறை சொல்லிவிட்டது. வீடும் இல்லை, சம்பளமும் இல்லை, உரிமமும் இல்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2009-இல் ஹேமர்ஸ்மித்தில் குடியிருப்புத் தெரு ஒன்றில், பியரையும் விஸ்கியையும் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மைக்கேல் ஜாக்சன் முன்பு அலுவலகமாக வைத்திருந்த சிறிய இடத்தில்தான் அடுப்பு எரிந்தது. லண்டனில் ஏறத்தாழ 190 ஆண்டுகளில் புதிதாகத் தொடங்கிய முதல் செப்புக்கலன் வடிசாலை என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டில் சிறிய கலன் வைத்து ஜின் வடிக்க வந்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது அந்த உரிமம்தான்.

நீ அந்தக் கதையில் உரிமப் போராட்டத்தைப் பார்த்தாய். எனக்கு முக்கியமாகப் பட்டது, அந்த இரண்டு நண்பர்களுக்கும் வடிக்கத் தெரியாது என்பதும், தெரிந்தவரான ஜாரெட் பிரவுனைத் தேடிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதும்தான். அவர் மதுவகைகளின் வரலாற்றை ஆராய்ந்து எழுதுபவர், பழைய செய்முறைகளைப் படித்துப் படித்து மூக்கில் ஏற்றிவைத்திருந்தவர். நண்பர்கள் விற்பதற்கு அலைந்தபோது கலன் பக்கத்தில் நின்றவர் அவர். பத்து வகை மூலிகைகளை எந்த அளவில் போடுவது என்பது ஒருவர் மூக்கில் இருக்கும்போது, அந்த ஒருவரை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்துப் பார். 2014-இல் அவர்கள் சிசிக்குக்கு இடம் மாறினார்கள், 2016-இல் பீம் சன்டோரி என்ற பெரிய நிறுவனம் அவர்களை வாங்கிக்கொண்டது. அப்படி ஒரு பெரியவன் உங்கள் வாசலுக்கும் ஒருநாள் வரலாம். வரட்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். அன்றைக்கு மேசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பது இன்றைக்கு நீங்கள் எழுதிவைக்கும் தாளில்தான் இருக்கிறது.

நம் நாட்டிலும் அதேதான். ஆனந்த் விர்மானியும் வைபவ் சிங்கும் 2017-இல் கோவாவில் 'கிரேட்டர் தான்' (Greater Than) என்ற ஜின்னைக் கொண்டுவந்தபோது இந்தியாவில் இப்படி ஒன்று விற்குமா என்று கேட்டவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். அடுத்த வருடமே ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் என்ற இன்னொரு ஜின் அதே கோவாவிலிருந்து வந்தது. விஸ்கியைப் போல் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை, இன்று வடித்ததை அடுத்த மாதம் விற்கலாம் என்பதால் கையில் பணம் இல்லாத சின்னவர்கள் எல்லாரும் ஜின்னில்தான் காலை வைக்கிறார்கள் என்று நீதான் கணக்குப் போட்டுக் காட்டினாய். அந்தக் கணக்கில் நீ போடாத வரி ஒன்று இருந்தது, பாப்பா. மது ஜிஎஸ்டியில் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு. கோவாவில் இருந்து பெங்களூருக்குப் போக மறுபடி லேபிள் பதிவு, மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். விளம்பரம் செய்ய முடியாது. வரியை முன்னால் கட்ட வேண்டும், கடைக்காரன் பணத்தைப் பின்னால் தருவான். இந்த இடைவெளியில்தான் நண்பர்கள் முகம் பார்க்காமல் பேச ஆரம்பிப்பார்கள். எலுமிச்சைத் தோல் எத்தனை கிராம் என்பதில் எந்த நட்பும் உடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தாத்தாவும் அவருடைய கூட்டாளி கேத்திக்காரரும் எதில் பிரிந்தார்கள் என்று உனக்குத் தெரியும். இருவரும் யோக்கியர்கள்தான். கணக்கு இருவர் தலையிலும் இருந்தது, தாளில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன். "அம்மா, நாங்கள் நண்பர்கள்" என்று நீ ஒவ்வொரு முறையும் சொன்னாய். பக்கத்து வீட்டு வக்கீல் சாரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம் என்று பதிவுசெய்துவிட்டுத் தங்களுக்குள் முறையான ஒப்பந்தம் எழுதாமல் விட்டால், 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதே அவர்களுக்கு ஒப்பந்தம் ஆகிவிடுமாம்; முதல், லாபம், நஷ்டம் எல்லாவற்றிலும் எல்லாருக்கும் சமபங்கு. விலக நினைப்பவர் 30 நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்துவிட்டு விலகலாமாம். நீங்கள் ஏதேனும் இரண்டு பக்கத்தைக் கடையில் வாங்கி நிரப்பி வைத்திருந்தால் அதையும் எடுத்துப் படி. யாரும் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போகிற நிலை வந்தால் செய்முறை யாருடையது, நோட்டு யாரிடம் இருக்கும், பங்குக்கு விலையை யார் நிர்ணயிப்பது, எத்தனை தவணையில் தருவது, நிலப் பத்திரத்தின் பொறுப்பு யார் தலையில் என்று மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டும். இரண்டு பேர் எழுதி மூன்றாமவனுக்கு அனுப்பிவைக்கும் தாள் ஒப்பந்தம் ஆகாது, அது நோட்டீஸ்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மழை தாமதம், கேரட் விலை ஏறிவிட்டது, அப்பாவுக்குக் கண் அறுவை முடிந்து பார்வை நன்றாக இருக்கிறது. போன வாரம் அப்பாவும் நானும் நடுவட்டம் வரை பஸ்ஸில் போய்வந்தோம். 1860-களில் சிங்கோனா நட்ட மலை. பட்டையிலிருந்து குவினைன் எடுத்த தொழிற்சாலை இருந்த ஊர். உங்கள் ஜின்னில் ஊற்றும் டானிக் தண்ணீருக்குக் கசப்பைக் கொடுப்பது அந்தக் குவினைன்தான், நீலகிரிப் பட்டையை வைத்தே நாமும் ஒரு டானிக் செய்ய வேண்டும் என்று கோத்தகிரிப் பிள்ளை அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தானே, அந்த யோசனை என்ன ஆயிற்று? அவன் மட்டும்தான் அதைச் சொன்னான், நீங்கள் இருவரும் செலவைப் பற்றிப் பேசினீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. செலவு பெரிதுதான். என்றாலும் அவன் சொன்னதைக் கேட்டு முடிக்கவாவது செய்தீர்களா என்று இப்போது தோன்றுகிறது.

அவன் அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன். எப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுபவர், பீன்ஸை எடைபோடச் சொல்லிவிட்டு, "உங்கள் பெண் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டார். நானும் சௌக்கியம் என்றேன். அவன் சௌக்கியமா என்று கேட்க என் வாய் வரவில்லை. அவர் கையில் வைத்திருந்த மருந்துச் சீட்டில் அவன் பெயர் இருந்ததுபோல் எனக்குத் தெரிந்தது. பார்வை தவறாகவும் இருக்கலாம். அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்றால் உனக்குத் தெரிந்திருக்கும். உனக்குத் தெரியாது என்றால் அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று பேரில் ஒருவன் உடம்பு சரியில்லாமல் ஊருக்கு வந்து கிடக்க, மற்ற இரண்டு பேர் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் புட்டியின் கழுத்தில் கட்டுவதாக இருந்தால், அந்தப் புட்டியை நான் யாரிடமும் பெருமையாகக் காட்ட மாட்டேன். அப்படி இல்லை என்று நீ எழுத வேண்டும். இல்லை, அவன்தான் உங்களை விட்டுவிட்டுப் போனான், நியாயம் உங்கள் பக்கம்தான் என்றாலும் எழுது, நான் நம்புவேன். நீ பொய் சொல்லும் பெண் அல்ல, சொல்லாமல் இருக்கும் பெண்.

வர்க்கி மூன்று டப்பாவில் கட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் கோவாவுக்கே அனுப்பவா, ஒன்றைக் கோத்தகிரிக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கவா என்று இந்த வாரத்துக்குள் சொல். பார்சல் ஆபீஸ் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும்.

அன்புடன்,
அம்மா